கதவு இடிச்சிடுச்சு

மணல் என்பது அவளுடைய பெயரல்ல. பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் வைத்தது. சேர்ந்து பாடும் குழுவுக்குப் பிள்ளைகளைப் பொறுக்கியபோது இவள் முறை வந்தது. ஒரு வரி முடிவதற்குள் டீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"தொண்டையில என்ன, மணல அள்ளிப் போட்டு வெச்சிருக்கியா?"

வகுப்பு சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் மணல். பின்னால் கிட்டாரும் கையுமாக மேடையேறியபோது, போஸ்டரில் என்ன பெயர் போடுவது என்று கேட்டவர்களிடம் அதையே சொன்னாள். வசவையே பட்டமாக்கிக்கொண்டால் வைதவருக்கு வேலை மிச்சம்.

வீட்டில் அவள் சின்னவள். அக்காள் பெரியவள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது பெரியவளுக்குக் கல்யாணமாகியிருந்தது. சின்னவளுக்குப் பாவாடை சட்டையை விடாத வயது. பெரியவள் அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். மாமா மறுபேச்சுப் பேசவில்லை. "வரட்டும். வீட்ல ஒரு பாட்டுச் சத்தம் கேட்டா நல்லதுதானே" என்றார்.

மாமா டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. "பயப்படாம ஓட்டுங்க. உங்க உயிரு என் கால்ல இருக்கு" என்பார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் சிரித்துவிட்டு ஓட்டுவார்கள். அவர் குரலை உயர்த்தி ஊரில் யாரும் கேட்டதில்லை. சின்னவளுக்கு முதல் கிட்டார் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். தந்தி அறுந்தால் வாங்கிவந்து போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

அந்த வீட்டில் அவள் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவே ஒரு சுவர். சில சமயம் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதாவது விழும். அப்போதெல்லாம் சின்னவள் இன்னும் பலமாக வாசிப்பாள், இன்னும் பலமாகப் பாடுவாள். மணலாக இருந்த குரல் பாறையானது அப்படித்தான். காலையில் பெரியவள் முகத்தில் வழக்கத்தைவிடப் பவுடர் கூடுதலாக இருக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

படிப்பு முடிந்ததும் ஒரு பல் மருத்துவரிடம் வேலை கிடைத்தது. முன்மேசையில் உட்கார்ந்து பெயரெழுதி, உள்ளே அனுப்பி, எக்ஸ்ரே அறைக்கு ஆளைக் கூட்டிப்போக வேண்டும். மாமா பார்த்துக் கொடுத்த ஒரு அறைக்குத் தனியாகக் குடிபோனாள். உள்ளிருந்து துளைக்கும் இயந்திரத்தின் சத்தம் நாள் முழுக்க ஒரே சுதியில் வந்துகொண்டிருக்கும். அந்தச் சுதிக்கே கிட்டாரை மீட்டப் பழகிக்கொண்டாள். எதிரே நாற்காலிகளில் பயந்த மனிதர்கள். சிலர் மீன்தொட்டியை வெறிப்பார்கள். சிலர் வாய் ஓயாமல் ஜோக்கடிப்பார்கள். வலியே இல்லை, சும்மா காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்பவர்தான் ரொம்பப் பயந்தவர் என்பது பழகப் பழகத் தெரிந்தது. பயத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டயர்க் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறையில் இசை. டிரம் வாசிப்பவன் வாரநாளில் தன் வேனில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன். கூரியர் என்றே கூப்பிட்டார்கள். பதிவு செய்து கலந்து கொடுப்பவனுக்குக் காது என்று பெயர். பக்கத்துத் தெருவில் குக்கர் விசில் அடித்தால் அது எந்தச் சுரம் என்று சொல்லிவிடுவான். எதிரே நின்று நாம் பேசுவது மட்டும் அவனுக்குக் கேட்காது. சினிமாவுக்கு அல்ல, யாரும் கேட்டுச் செய்வதும் அல்ல. தாங்களே பாடி, தாங்களே இணையத்தில் ஏற்றி, தாங்களே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வார்கள். இரண்டு தொகுப்பு வந்தது. "நம்ம பாட்டைக் கேக்குறவங்கள ஒரே வேன்ல ஏத்திடலாம். சீட்டு மிச்சம் இருக்கும்" என்பான் கூரியர்.

அவள் பாட்டுக் கட்டும் விதம் இது. முதலில் மெட்டு. மெட்டு பிடிபடும் வரை வாய்க்கு ஏதாவது சொற்கள் வேண்டுமே. அன்றைக்கு வாயில் எது இருக்கிறதோ அதைப் போட்டு நிரப்புவாள். பால் பாக்கெட், பஸ்காரன் சொன்ன பதில், பல் டாக்டரின் சிடுசிடுப்பு. இதற்கு டம்மி என்று பெயர். மெட்டு நின்றபிறகு டம்மியைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்து நல்ல வரிகள் எழுதுவாள். கட்டடம் எழும்பியபின் சாரத்தைப் பிரிப்பதுபோல. டம்மியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக்குப் போகும் வழியில் அக்காவுக்குப் போன் செய்தாள். பெரியவளின் குரல் மூக்கால் வந்தது.

"என்னக்கா, சளியா?"

"ஒண்ணுமில்லடி. கதவு இடிச்சிடுச்சு."

"எங்க?"

"கண்ணுக்குக் கீழ. காத்தடிச்சுது. கதவுக்கென்ன, கண்ணா தெரியும்?"

"அக்கா."

"நீ ஏன் கேக்குற? போன வை."

அறைக்குப் போனாள். கிட்டாரை எடுத்தாள். மெட்டு ஒன்று அன்று கேட்காமலே வந்தது. வாயில் என்ன இருந்ததோ அது மெட்டில் போய் உட்கார்ந்தது.

*ஒண்ணுமில்லடி ஒண்ணுமில்ல
கதவு இடிச்சிடுச்சு
காத்தடிச்சா கதவுக்கென்ன
கண்ணா தெரியும்?
நீ ஏன் கேக்குற நீ ஏன் கேக்குற
போன வை*

காது பதிவு செய்துகொண்டான். அடுத்த வாரம் அவள் முறையாக எழுதிக்கொண்டு வந்து பாடினாள். "மழையும் நின்னுடுச்சு" என்று அதில் வரும். மழை, சாலை, தனிமை. நன்றாகத்தான் இருந்தது. அதையும் காது பதிவு செய்தான்.

காது தன் கணினியில் எல்லாவற்றுக்கும் ஃபைனல் என்றே பெயர் வைப்பான். ஃபைனல், புது ஃபைனல், நிஜ ஃபைனல், இதுதான் ஃபைனல். ஒரு காலையில் தூக்கக் கலக்கத்தில் நிஜ ஃபைனலை ஏற்றுவதற்குப் பதில், டம்மி இருந்த இதுதான் ஃபைனலை ஏற்றிவிட்டான்.

மருத்துவமனையில் போனை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடவேண்டும் என்பது டாக்டரின் சட்டம். மாலையில் எடுத்துப் பார்த்தபோது அது சுடச்சுட இருந்தது. யாரோ ஒருவன் பஸ்ஸை விட்டுவிட்டுக் கையைப் பிசைவதுபோல நடித்து, பின்னால் 'கதவு இடிச்சிடுச்சு' என்று அவள் பாடுவதை ஓடவிட்டிருந்தான். அதைப் பார்த்து இன்னொருவன். வேலைக்கு லேட்டா? கதவு இடிச்சிடுச்சு. பரீட்சையில் கோட்டை விட்டாச்சா? கதவு இடிச்சிடுச்சு. ஊரே அதை ஒரு தமாஷ் பாட்டாக எடுத்துக்கொண்டது. மணல் என்று ஒருத்தி இருப்பது அன்று மதியம்தான் பலருக்குத் தெரிந்திருந்தது.

காதைக் கூப்பிட்டாள்.

"எடுத்துடு. இப்பவே எடு."

"எடுத்துட்டேன் மணல். ஆனா ஆளாளுக்கு வெட்டி ஒட்டி வெச்சிருக்காங்க. அத நான் என்ன பண்ண? ஏன் பதறுற? நாம இத்தன வருஷமா அடிச்ச மூணாயிரம் கல்லுல விழாத காய் இன்னைக்கு தானா விழுந்திருக்கு."

"அது என் பாட்டு இல்லடா."

"வேற யாருது?"

அவள் போனை வைத்தாள்.

அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் முறை எடுத்தது மாமா.

"அக்கா குளிக்கிறா சின்னவளே. உன் பாட்டுதான் ஊரெல்லாம். என் கிட்ட கத்துக்க வர்ற பொம்பளப் பிள்ளைங்க கியர் மாத்தும்போது பாடுதுங்க." சிரித்தார். "நாளைக்கு வர்றேன். உன்ன வேலைக்கு நானே கொண்டுபோய் விடறேன். வண்டி ஓட்டி ரொம்ப நாளாச்சுல்ல? கை மறந்துடும்."



காலையில் கார் வாசலில் நின்றது. ஓட்டும் இருக்கையைக் காலியாக விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் ஏறினாள். பெல்ட்டைப் போட்டாள். கண்ணாடியைத் திருத்தினாள். அவர் தன் போனில் பாட்டைப் போட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாட்டு முடிந்தது. மறுபடியும் போட்டார். கடைத்தெருவைத் தாண்டி வண்டிகள் குறைந்த சாலைக்கு வந்திருந்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றார். "எந்தக் கதவு?"

"என்ன மாமா?"

"இடிச்சுதுல்ல. எந்தக் கதவு?"

அவள் சாலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஸ்டுடியோ கதவு. அந்தக் காதுன்னு ஒருத்தன் இருக்கான்ல, அவன் இடிச்சுக்கிட்டான். அத வெச்சு சும்மா…"

கார் நின்றது. நின்றது என்றால், தூக்கி வைத்ததுபோல நின்றது. பெல்ட் அவள் நெஞ்சை அழுத்திப் பின்னால் தள்ளியது. பின்னால் வந்த லாரி ஒலிப்பானை அலறவிட்டு விலகிப் போனது. அவள் காலைப் பார்த்தாள். அவள் கால் பிரேக்கில் இல்லை.

"பூனை" என்றார் மாமா.

சாலையில் பூனை எதுவும் இல்லை.

"நீ பாத்திருக்கணும். பேசிக்கிட்டே ஓட்டக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்." அவர் குரல் எப்போதும்போல மெதுவாக இருந்தது. "சனிக்கிழம மைதானத்துல பாடுறியாமே. அக்காவையும் கூட்டிட்டு வர்றேன். முன் வரிசையில இடம் சொல்லி வை. அங்க இந்தப் பாட்டுக்கு வேற வரி போட்டுடு. உனக்குத்தான் அழகா எழுத வருமே. இது என்ன, கதவு ஜன்னல்னு தச்சன் பாட்டு மாதிரி."

"சரி மாமா."

"ம். போ. ஃபர்ஸ்ட் கியர்."

அன்றைக்கு மறுநாள் முன்மேசையில் அவள் தலைகுனிந்து பெயரெழுதிக்கொண்டிருந்தபோது எதிரே நிழல் விழுந்தது. மாமா. பின்னால் பெரியவள், கைக்குட்டையால் வாயை மூடியபடி. கண்ணுக்குக் கீழே பழைய அடியின் மஞ்சள்.

"முன்பல்லு உடைஞ்சிடுச்சு" என்றார் மாமா. காத்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "படியில விழுந்துட்டா. நல்ல வேளை, இந்தத் தடவ கதவு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பயந்துபோய் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். ஒரு பெண் அந்த வரியை மெல்ல முணுமுணுத்தாள். பெரியவளும் கைக்குட்டைக்குப் பின்னால் சிரித்ததுபோலக் கண்ணைச் சுருக்கினாள். பத்துப் பேர் சேர்ந்து பயந்ததைச் சின்னவள் பார்த்திருக்கிறாள். பத்துப் பேர் சிரிக்கும்போது ஒருத்தி பயப்படுவதை அன்றுதான் பார்த்தாள். அந்த ஒருத்தி யார், அக்காளா தானா என்பது அவளுக்கு விளங்கவில்லை.

எக்ஸ்ரே அறைக்குள் கூட வந்தவர்கள் நுழையக் கூடாது. மாமா வாசல்வரை வந்தார். சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் படித்தார். நின்றுகொண்டார். சின்னவள் கதவைச் சாத்தினாள்.

"அக்கா. பாட்டாலயா?"

"பேசாத. வாய் வலிக்குது."

"சொல்லுக்கா."

"யாரக் கேட்டுடி போட்ட?"

"நான் போடலக்கா. அது டம்மி. மெட்டுக்காக வெச்ச டம்மி. தவறிப் போயிடுச்சு."

பெரியவள் அவளைப் பார்த்தாள். உடைந்த பல் தெரிந்தது.

"நான் உன்கிட்ட சொன்னதெல்லாம் டம்மியா?"

சின்னவள் எக்ஸ்ரே கதிர் படாமல் போடும் ஈய உடுப்பை எடுத்து அவள் தோளில் போட்டாள். பட்டை சிக்கிக்கொண்டது. பெரியவளே மாட்டிக்கொண்டாள்.

"பின்னாடி ஒரு வழி இருக்குக்கா. குப்பை எடுத்துட்டுப் போற வழி. இப்படியே போயிடலாம்."

"எங்க? உன் ரூமுக்கா? அத பிடிச்சுக் குடுத்ததே அவருதானேடி. ஒரு சாவி எப்பவும் அவர் பையில கெடக்கு. தெரியாதா உனக்கு?"

தெரியாது. சின்னவளுக்குத் தன் அறை கண்ணில் வந்து போனது. கட்டில், கிட்டார், கொடியில் காயும் துணி.

"சனிக்கிழம அவர் சொன்னத பாடு" என்றாள் பெரியவள். "வீரம் காட்டாத. நீ பாடி முடிச்சிட்டு வேன்ல ஏறிடுவ. நான் கார்ல ஏறணும்."

வெளியே மாமா கதவை விரல் முட்டியால் தட்டினார். மெதுவாகத்தான் தட்டினார்.

"முடிஞ்சுதா? இல்ல கதவு இடிச்சிடுச்சா?"

அதற்கும் யாரோ சிரித்தார்கள்.

அந்த வாரம் அவள் அறைக்கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தாள். படிக்கட்டில் எவர் ஏறினாலும் எழுந்து உட்கார்ந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிப் பார்த்தாள். இருட்டில்லாத நேரத்திலும் அப்படித்தான் இருந்தது. கூரியரிடம் மட்டும், பாதிதான் சொன்னாள். மீதியை அவன் கேட்கவில்லை. "வேன்ல சீட்டு மிச்சம் இருக்கும்னு சொல்லியிருக்கேன்ல" என்றான். அவன் ஜோக்கடிக்காமல் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை மைதானத்தில் அவர்களுக்குக் கிடைத்தது வெயில் சாயாத நேரம். பெரிய குழுக்களுக்குத்தான் விளக்கு போட்ட நேரம். சின்னக் குழுக்கள் சூரியனைப் பார்த்துப் பாட வேண்டும். ஆனாலும் மைதானம் நிரம்பியிருந்தது. முன்னால் நாற்காலிகள், பின்னால் நிற்கிற கூட்டம். மாமா முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. பக்கத்தில் பெரியவள், மடியில் கைப்பை.

பழைய பாட்டுகளைப் பாடினாள். கூட்டம் பொறுத்துக்கொண்டது. பிறகு பொறுக்கவில்லை.

"கதவு! கதவு!"

மாமா அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், வளைவில் திரும்பலாம் என்று சைகை காட்டுவதுபோல.

அவள் ஆரம்பித்தாள். *ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல, மழையும் நின்னுடுச்சு.*

அந்த வரியை யாரும் கேட்கவில்லை. அவள் வாய் திறந்த அதே நொடியில் மைதானம் முழுக்கப் பழைய வரியைப் பாடிற்று. ஒலிபெருக்கியில் அவள் மழை என்றாள். கூட்டம் கதவு என்றது. கூட்டம்தான் ஜெயித்தது. அவள் மூச்சை இழுத்து மறுபடியும் மழை என்றாள். வேண்டாம், பாடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? எதற்கு என்று கேட்பார்களே. மாமா சிரித்த முகம் மாறாமல் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை வாய்கள். எத்தனை வாயைத்தான் மூடுவது என்று கணக்குப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

சின்னவள் அக்காளைப் பார்த்தாள். பெரியவளின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

வீங்கிய உதடுதான். ஆனால் அசைவு தெளிவாகத் தெரிந்தது. மழை என்றால் உதடு சேர்ந்து பிரியும். பெரியவளின் உதடு சேரவில்லை. மேடையையும் பார்க்காமல் கணவனையும் பார்க்காமல் நேரே பார்த்தபடி கூட்டத்தோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். மாமா குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னார். அவள் நிறுத்தவில்லை. அவர் கை அவள் முழங்கைக்கு மேலே போய் உட்கார்ந்தது. அவள் நிறுத்தவில்லை.

பாட்டு முடியப்போகிறது. இன்னும் ஒரு அடி. முடிந்தால் கைதட்டுவார்கள், நன்றி என்பாள், இறங்குவாள். அவர்கள் காரில் ஏறுவார்கள். பாட்டு ஓடும்வரை முன் வரிசையில் எதுவும் நடக்காது. அவள் கூரியரைத் திரும்பிப் பார்த்து ஆட்காட்டி விரலைக் காற்றில் சுழற்றினாள். மறுபடியும் முதலிலிருந்து.

இந்தச் சுற்றில் அவள் மழையை விட்டுவிட்டாள். *கதவு இடிச்சிடுச்சு* என்றாள். மைதானம் அதிர்ந்தது. இது சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்காமலிருக்கப் பாடிய பழைய குரலல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கவேண்டும் என்று பாடிய குரல்.

மாமாவின் கை தளர்ந்ததா, பெரியவள் உருவிக்கொண்டாளா தெரியவில்லை. அவள் எழுந்து நின்றாள். நடந்தாள். மேடைப் படிக்கட்டுப் பக்கம் கம்பித் தடுப்பு. அங்கே நின்ற காவலாள் கையை நீட்டி மறித்தான். மாமா பாதி எழுந்தார்.

"யோவ், உக்காருய்யா! மறைக்குது!" பின்னாலிருந்து குரல் வந்தது. இன்னொன்று: "பெரியவரே, உங்கள கதவு இடிச்சிடுச்சா?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஊரில் யாரும் அவரைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அவர் உட்கார்ந்தார்.

சின்னவள் பாட்டின் நடுவில் மைக்கில் சொன்னாள்.

"அண்ணே, அவங்கள விடுங்க. அது எங்க அக்கா. இது அவங்க எழுதின பாட்டு."

கூட்டம் ஆர்ப்பரித்தது. அதுவும் தமாஷில் சேர்த்தி என்று நினைத்திருக்கலாம். காவலாள் கையை எடுத்தான். பெரியவள் படியேறி, ஒலிப்பெட்டிகளைச் சுற்றி வந்து, டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சத்தம் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். வெறுங்கை. கைப்பையைக் கொண்டுவரவில்லை.

அது முன் வரிசையில் அவள் நாற்காலியில் கிடந்தது. மாமா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மேடையைப் பார்த்துச் சிரித்தபடி, எல்லோரையும்போல, தாளம் தப்பாமல் கைதட்ட ஆரம்பித்தார்.

நிகழ்ச்சிக்காரர் பக்கவாட்டில் நின்று முடி முடி என்று கையை வெட்டிக் காட்டினார். கூரியருக்கு மணிக்கட்டு விட்டுப்போயிருந்தது, முகமெல்லாம் வேர்வை. வேன் எங்கே நிற்கிறது, அதுவரை எவ்வளவு தூரம், யார் முன்னால் போவது என்று அவள் எதையும் யோசித்திருக்கவில்லை.

அவள் விரலைச் சுழற்றினாள்.